அமிதாப் விலகினால் கேபிசி அவ்வளவுதானா?

சேலம் சரவணன்

இந்தி வினாடி வினா நிகழ்ச்சியான கேபிசியின் ஒவ்வொரு சீசன் முடிவிலும் ‘அமிதாப்புக்கு இதுதான் கடைசி’ என்று ஒரு வதந்தி கிளம்பும். அடுத்த வருஷமும் அவரேதான் கோட்டு சூட்டோடு வந்து நிற்பார். 2025 ஆகஸ்டில் 17ஆவது சீசனுக்கும் வந்தார். ஆனால் 1942இல் பிறந்த மனிதர், எத்தனை வருஷம்தான் ஓடுவார்? அவர் எழுந்து போகிற நாளில் ‘கௌன் பனேகா கரோர்பதி’க்கும் மூடுவிழாதான் என்பது என் கட்சி.

ஆதாரம் கேட்பீர்கள். 2000 ஜூலை 3ஆம் தேதி தொடங்கிய நிகழ்ச்சியில் அவர் இல்லாமல் நடந்தது ஒரே ஒரு சீசன். 2007 ஜனவரியில் ஷாருக் கான் வந்து உட்கார்ந்தார், ஏப்ரலில் முடிந்தது. அப்புறம் 2010 வரை நிகழ்ச்சியே கிடையாது. ஷாருக்கால் முடியாததை இனி யார் வந்து செய்துவிடப் போகிறார்?

மாட்டுங்கா மீனா

2007க்கும் 2010க்கும் நடுவில் நடந்ததை அப்படியே விட்டுவிட்டீர்களே சரவணன். இது அதுவரை ஒளிபரப்பிய ஸ்டார் பிளஸ்ஸின் சொந்தச் சரக்கு அல்ல. பிரிட்டனில் செலடார் என்ற நிறுவனம் 1998இல் கொண்டுவந்த ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’தான் மூலம். 2006இல் அதன் உரிமை நெதர்லாந்தின் டூவேடிராஃபிக் கைக்குப் போனது. 2008இல் டூவேடிராஃபிக்கையே சோனி பிக்சர்ஸ் வாங்கிவிட்டது. 2010இல் கேபிசி எந்த சேனலில் திரும்பி வந்தது? சோனியில்.

ஆக, ஷாருக் வந்ததால் நிகழ்ச்சி செத்தது என்பது பாதிக் கதை. உரிமை கை மாறியது, சேனல் மாறியது, அதில் மூன்று வருஷம் போனது. இன்றைக்கு உரிமையும் ஒளிபரப்பும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறது. கைவசம் இருக்கும் சொத்தை யாராவது தூக்கிப் போடுவார்களா?

ராக்ஃபோர்ட் ரவி

சொந்த வீடாகவே இருக்கட்டும் மேடம். குடிவர ஆள் இல்லையென்றால் பூட்டித்தான் கிடக்கும்.

சேலம் சரவணன்

ரவி சொன்னதுதான். சோனி கைக்கு வந்ததும் முதல் காரியமாக யாரைக் கூப்பிட்டார்கள்? நாலாவது சீசன் தொடங்கிய தேதியைப் பாருங்கள், 2010 அக்டோபர் 11. அமிதாப்பின் பிறந்தநாள். நிகழ்ச்சியை விற்றார்களா, ஆளை விற்றார்களா?

நியூஜெர்சி நாராயணி

இங்கே அமெரிக்காவில் இதே விவாதத்தை 2020இல் ஒருமுறை பார்த்துவிட்டேன். ‘ஜெப்பர்டி’ என்று இங்கே ஒரு வினாடி வினா உண்டு; அது என்றாலே அலெக்ஸ் ட்ரெபெக்தான். 1984 செப்டம்பரில் தொடங்கி 36 வருஷம் அவர் ஒருவரே நடத்தினார். கணையப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே, இறப்பதற்குப் பத்து நாள் முன்பு வரை படப்பிடிப்புக்கு வந்தார். 2020 நவம்பர் 8இல் அவர் போனதும் இந்த நிகழ்ச்சி இனி எழுந்திருக்காது என்று பேசாதவர்கள் இல்லை.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். விருந்தாளிகளாகப் பலரை வரவழைத்து நடத்திப் பார்த்தார்கள். கடைசியில் நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மைக் ரிச்சர்ட்ஸையே தொகுப்பாளர் என்று அறிவித்தார்கள். அவர் பழைய பாட்காஸ்ட் ஒன்றில் பேசியவை வெளியே வந்ததும் மனிதர் விலக வேண்டியதாயிற்று. அவர் படப்பிடிப்பு நடத்தியது ஒரே ஒரு நாள், ஆனால் அந்த ஒரு நாளிலேயே ஒரு வாரத்துக்கான ஐந்து எபிசோடும் எடுத்தாயிற்று. அங்கே வழக்கமே அதுதான். ஜெயித்தவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் அது ‘மறுநாள்’. இப்போது நடத்துபவர் கென் ஜென்னிங்ஸ், 2004இல் போட்டியாளராக வந்து தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்த அதே ஆள். நிகழ்ச்சி ஜாம் ஜாம் என்று ஓடுகிறது. இன்னொன்று, ஜெப்பர்டியின் உரிமையும் சோனியிடம்தான்.

சரவணன் சார், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சேலம் சரவணன்

ட்ரெபெக் யார்? கண்ணியமான தொகுப்பாளர், அவ்வளவே. அவருக்காகப் படம் பார்க்க யாரும் தியேட்டர் வாசலில் நின்றதில்லை. அங்கே விளையாட்டு முன்னால், ஆள் பின்னால். இங்கே தலைகீழ். போட்டியாளர் நாற்காலியில் ஏறும்போது பாருங்கள். பெண்களென்றால் இவரே நாற்காலியை இழுத்துப் பிடித்து உட்கார வைப்பார். அழுதால் டிஷ்யூவை எடுத்து நீட்டுவார். நாற்காலியில் இருப்பவர் கேள்வியை மறந்துவிட்டு ‘உங்கள் முன்னால் உட்கார்ந்ததே எனக்குப் போதும்’ என்பார். பாதி எபிசோட் இதிலேயே கழியும். இதை எந்த கென் ஜென்னிங்ஸிடம் கொடுப்பீர்கள்?

பழைய ஆன்டெனா

நாராயணி அம்மா ஜெப்பர்டியின் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னார். முதல் பாதிதான் ருசியானது. அது 1964 மார்ச்சில் என்பிசி சேனலில் தொடங்கியது. பகல் நேர நிகழ்ச்சி, தொகுப்பாளர் ஆர்ட் ஃப்ளெமிங். பத்து வருஷம் நன்றாகவே ஓடியது. 1974இல் சேனலில் இருந்தவர்களுக்கு இளம் பெண் பார்வையாளர்கள் வேண்டியிருந்தது, இதைப் பார்ப்பவர்களோ வயதானவர்கள். உடனே நிறுத்தவில்லை. நேரத்தை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். வழக்கமாகப் பார்ப்பவன் எந்த நேரத்தில் தேடுவான்? 1975 ஜனவரி 3இல் கடைசி எபிசோட். அடுத்த திங்கட்கிழமை ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்ற இன்னொரு போட்டி நிகழ்ச்சி ஆரம்பம். இரண்டையும் உருவாக்கியவர் ஒரே ஆள், மெர்வ் கிரிஃபின்! அந்தப் பத்து வருஷ எபிசோடுகளின் டேப்புகளைக்கூட பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். தொகுப்பாளர் இருக்கும்போதே, பார்ப்பதற்கு ஆள் இருக்கும்போதே நிறுத்துவார்கள். விளம்பரக்காரனுக்கு வேண்டிய வயதில் பார்வையாளர் இல்லையென்றால் போதும். கேபிசியை உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஆகவே முடிவில் சரவணனோடு ஒத்துப்போகிறேன், காரணத்தில் அல்ல.

மாட்டுங்கா மீனா

எங்கள் வீட்டில் பார்ப்பவர் மாமியார்தான், மறைக்கவில்லை. ஒன்பது மணிக்குச் சப்பாத்தி தட்டோடு உட்கார்ந்தால் கேள்வி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் என் பெண் மொபைலில் அதே கேள்விக்குச் சோனிலிவ் செயலியில் பதில் அழுத்திக்கொண்டிருப்பாள். பாட்டிக்கு ராமாயணக் கேள்வி, பேத்திக்கு கிரிக்கெட் கேள்வி. ஆன்டெனா ஐயா, 1974இல் என்பிசிக்குப் பேத்தியைப் பிடிக்க வழி தெரியவில்லை. இப்போது தெரியும்.

குரோம்பேட்டை குமார்

நான் விளம்பர நேரம் வாங்கும் வேலையில் இருக்கிறேன். தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம். மீனா அக்கா சொல்லும் செயலி சாதாரண விஷயமல்ல. பதில் அழுத்துபவரின் எண்ணும் ஊரும் வயதும் சேனலுக்குக் கிடைக்கிறது. சீரியலில் அது கிடைக்காது. அதனால்தான் கேபிசிக்கு ஸ்பான்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் ஸ்பான்சர் சீசன் தொடங்கும் முன்பே கையெழுத்துப் போடுகிறவன். அப்போது அவன் கையில் ரேட்டிங் இருக்காது, ஒரு பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயர் மாறினால் ஒப்பந்தத்தில் தொகை மாறும். ‘முதல் இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பான். எல்லா ஸ்பான்சரும் அப்படிச் சொன்னால் சீசனே தொடங்காது. இந்த விஷயத்தில் என் ஓட்டு சரவணனுக்கு.

ஸ்பான்சர் கையில் ஒரு வினாடி வினா என்ன ஆகும் என்பதற்கு போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட் இருக்கிறது. 1972இல் தொடங்கி, வானொலியில் சயானி சகோதரர்கள், அப்புறம் டிவியில் டெரிக் ஓ’பிரையன் என்று ஒரு தலைமுறையே கேட்டும் பார்த்தும் வளர்ந்தது. கேள்வி கேட்க ஆளா இல்லை? போட்டியிட மாணவர்களா இல்லை? இருந்தும் பழைய இடம் போய்விட்டது.

ராக்ஃபோர்ட் ரவி

பரிசுத் தொகையை யாரும் பேசவில்லையே. 2000இல் ஒரு கோடி என்றபோது தங்கம் சவரன் நாலாயிரத்துக்கும் கீழே. கோடி ரூபாயில் 2500 சவரனுக்கு மேல் வரும். 2013இலிருந்து உச்சத் தொகை ஏழு கோடி, நடுவில் 2022இல் மட்டும் ஏழரை. 2025இல் சவரன் எழுபதாயிரத்தைத் தாண்டியது. ஏழு கோடிக்கு ஆயிரம் சவரன்கூடத் தேறாது. அதிலும் முப்பது சதவீதம் வரி. ஏழு மடங்கு ஏற்றியும் பரிசு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை.

நியூஜெர்சி நாராயணி

ரவி, கவனிக்கவில்லை என்பதே பதில் அல்லவா? பணத்துக்காகப் பார்ப்பவர்கள் என்றைக்கோ போய்விட்டார்கள். 2000இல் ஜீ டிவி ‘சவால் தஸ் குரோர் கா’ என்று பத்து மடங்கு தொகையோடு வந்தது. அனுபம் கேர், மனிஷா கொய்ராலா. இன்று எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே ஞாபகம் இருக்கிறது? பணமும் நட்சத்திரமும் சேர்ந்தும் நிற்கவில்லை. நின்றது இந்த விளையாட்டின் கட்டுமானம்: பதினைந்து சொச்சம் கேள்வி, நாலு விடை, திணறும்போது உதவி கேட்கும் லைஃப்லைன், எப்போது வேண்டுமானாலும் பணத்தோடு எழுந்து போகலாம் என்ற சபலம்.

சேலம் சரவணன்

கட்டுமானம் நிற்குமென்றால் தமிழில் ஏன் நிற்கவில்லை? அதே விளக்கு, அதே இசை, அதே நாலு விடை. சன் டிவியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தினார். விஜய் டிவியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை 2012இல் சூர்யா, அடுத்த சீசனில் பிரகாஷ்ராஜ், 2016இல் அரவிந்த்சாமி. கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டும் என்று ராதிகா ‘கோடீஸ்வரி’ நடத்தினார். இருபது வருஷத்தில் மூன்று சேனல், ஐந்து தொகுப்பாளர். ஒருவரும் வேர் பிடிக்கவில்லை. இந்தியில் ஒரே ஆள் அதே நாற்காலியில் இருந்ததால் வேர் பிடித்தது.

மாட்டுங்கா மீனா

நீங்கள் கொடுத்த பட்டியலே உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. தொகுப்பாளர் மாறியும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். 2020 ஜனவரியில் ‘கோடீஸ்வரி’யில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி வென்றாரே, பார்த்தீர்களா? காது கேளாதவர், பேச இயலாதவர். எதிரே ராதிகா இருந்ததற்காகவா அன்றைக்கு ஜனம் பார்த்தது? அந்தப் பெண்ணுக்காகப் பார்த்தது. 2011இல் கேபிசியில் பீகாரின் மோதிஹாரியிலிருந்து வந்த சுஷீல் குமார் ஐந்து கோடி ஜெயித்தபோதும் அப்படித்தான். அமிதாப் அன்றைக்குப் பின்னால்தான் நின்றார்.

பழைய ஆன்டெனா

இரண்டு பேரும் ‘நிறுத்துவது’ என்றால் யாரோ அறிவிப்பு கொடுப்பார்கள் என்று நினைத்துச் சண்டை போடுகிறீர்கள். சீசன் முறையில் நடக்கும் நிகழ்ச்சியை யாரும் ரத்து செய்வதே இல்லை. அடுத்ததை அறிவிக்காமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். அரவிந்த்சாமி சீசனுக்குப் பிறகு ‘இத்தோடு முடிந்தது’ என்று யாராவது சொன்னார்களா? கேபிசியே 2015லும் 2016லும் வரவில்லை. அமிதாப் நன்றாகத்தான் இருந்தார், சோனியும் இருந்தது. அந்த இரண்டு வருஷம் நிகழ்ச்சி நின்றிருந்ததா, தூங்கிக்கொண்டிருந்ததா? 2017இல் திரும்பி வந்ததால் தூக்கம் என்கிறோம். வராமலே போயிருந்தால் சாவு என்றிருப்போம்.

அளவுக்கு மீறிப் போட்டுக் கொன்ற கதையும் உண்டு. அமெரிக்காவில் ஏபிசி சேனல் 1999இல் இதே நிகழ்ச்சியின் அங்கத்திய பதிப்பை ஆரம்பித்து, கூட்டம் வருகிறதென்று வாரத்தில் நாலைந்து நாள் இரவும் ஓட்டியது. 2002இல் பிரைம் டைமிலிருந்து எடுத்தாயிற்று. சோனி வருஷத்தில் சில மாதம் மட்டும் போட்டு மீதி மாதங்களில் பட்டினி போடுகிறதே, அந்தப் புத்திசாலித்தனத்தை மெச்ச வேண்டும்.

குரோம்பேட்டை குமார்

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். 2005இல் அமிதாப் வயிற்றுக் கோளாறால் மருத்துவமனையில் சேர்ந்தபோது இரண்டாவது சீசன் பாதியிலேயே நின்றது. ஒப்பந்தம் போட்ட எபிசோடுகளில் மீதியை வேறு ஒருவரை வைத்து எடுக்கலாமே என்று அன்றைக்கு ஸ்டார் துணியவில்லை. ஒரு வருஷம் காத்திருந்துதான் ஷாருக்கைக் கொண்டுவந்தார்கள். மாற்று ஆளைப் பார்வையாளருக்குப் பழக்குவது எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்கே தெரியும். அமிதாப்பையும் அடுத்து வரப்போகிறவரையும் கொஞ்ச நாள் ஒன்றாக உட்கார வைத்திருக்கலாம். இன்றைக்கு வரை சோனி அதைச் செய்யவில்லை. இது திட்டமில்லாத சேனல் செய்கிற காரியம்.

மாட்டுங்கா மீனா

அல்லது இருக்கிறவர் இருக்கும்வரை வாரிசைக் காட்டினால் அவர் மதிப்பு குறையும் என்று தெரிந்த சேனல். பிரிட்டனில் மூல நிகழ்ச்சி 2014இல் கிறிஸ் டாரன்ட்டோடு முடிந்தது. வாரிசு யாரும் காட்டப்படவில்லை. 2018இல் ஜெரமி கிளார்க்சன் வந்து உட்கார்ந்தார், ஓடுகிறது. நாலு வருஷ இடைவெளி பழைய முகத்தை மறக்க வைத்துவிட்டது.

சேலம் சரவணன்

சரி, அப்படியானால் ஒரு கோடு போடுங்கள். அமிதாப் விலகி எத்தனை வருஷம் நிகழ்ச்சி வராமல் இருந்தால் ‘நின்றுவிட்டது’ என்று ஒப்புக்கொள்வீர்கள்? இல்லாவிட்டால் 2050இலும் ‘தூங்குகிறது’ என்பீர்கள்.

மாட்டுங்கா மீனா

ஏழு வருஷம். பிரிட்டனின் பல்கலைக்கழக வினாடி வினா ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ 1987இல் ஐடிவியில் நின்று 1994இல் பிபிசியில் ஜெரமி பேக்ஸ்மனோடு திரும்பி வர எடுத்துக்கொண்டது அவ்வளவு. இந்தியில், அதே பெயரில், அதே விளையாட்டு, வேறு தொகுப்பாளர். செயலியில் மட்டும் வந்தாலும் கணக்கில் சேரும்.

சேலம் சரவணன்

செயலி கணக்கில் சேராது. டிவியில் வர வேண்டும், இரண்டாவது சீசனும் வர வேண்டும். ஷாருக்குக்கும் ஒரு சீசன் கிடைத்ததே.

மாட்டுங்கா மீனா

இரண்டாவது சீசன், சம்மதம். செயலியை விட்டுத்தர மாட்டேன். ஏழு வருஷம் கழித்து என் பெண் வீட்டில் டிவி இருக்குமா என்பதே சந்தேகம்.