மனைவி லேடி, கணவர் வெறும் மிஸ்டர். எப்படிக் கூப்பிடுவது?

உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ்:
வணக்கம், அவசரமாக ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் கெஸ்ட்ஹவுஸுக்கு வருகிறது. புக்கிங்கில் மனைவி "லேடி மேரி கிரீன்" (பெயரை மாற்றித்தான் போடுகிறேன்), கணவர் வெறும் "மிஸ்டர் கிரீன்". மனைவி லேடி என்றால் கணவர் லோர்ட்டாகத்தானே இருப்பார் என்று மருமகன் வரவேற்புப் பலகையில் "லோர்ட் கிரீன்" என்று எழுதி, படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியும் விட்டான். கூட வரும் நண்பரின் பெயருக்கு முன்னால் "ஒனரபிள்" வேறு. நம்மூரில் பெயருக்கு முன்னால் கௌரவ என்று இருந்தால் அவர் எம்.பி., பின்னால் இரண்டு ஜீப் வரும். இவருக்கும் அப்படி ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமா?

பழைய இங்கிலிஷ் ரீச்சர்:
தம்பி, முதலில் அந்தப் பலகையை அழியுங்கள். லேடிக்குப் பின்னால் எந்தப் பெயர் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொந்தப் பெயர் வந்தால், அதாவது லேடி மேரி என்றால், அவர் பிரபுக்களில் மேல்படியில் உள்ள டியூக், மார்க்குவெஸ், ஏர்ள் இந்த மூவரில் ஒருவருடைய மகள். அது தகப்பன் வழியில் வந்தது, பட்டம் இல்லாதவரைக் கட்டினாலும் போகாது, ஆனால் கணவனுக்கு ஒட்டவும் ஒட்டாது, அதனால்தான் அவர் மிஸ்டர். நீங்கள் "லேடி கிரீன்" என்று கூப்பிட்டால் சேர் பட்டம் பெற்ற யாரோ ஒரு கிரீனின் மனைவி என்று அர்த்தமாகிவிடும். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லேடி இராமநாதன் ஆனது அந்த வழியில், 1921இல் கணவருக்குக் கிடைத்த சேர் பட்டத்தால்.

ஒனரபிள் என்பவர் ஏர்ளுக்குக் கீழ்ப்படியில் உள்ள வைகவுண்ட் அல்லது பரன் ஒருவரின் பிள்ளையாகவோ, ஏர்ளின் இளைய மகனாகவோ இருப்பார். அது கடித உறையில் எழுதுவதற்கு மட்டும், வாயால் சொல்வதில்லை. நேரில் அவரும் மிஸ்டர்தான். ஜீப் வேண்டாம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. டியூக்கின் இளைய மகன் லோர்ட் பீட்டர் என்றால், அவரைக் கட்டிய சாதாரண வீட்டுப் பெண் லேடி பீட்டர்! பாவம் அந்தப் பிள்ளை.

கடலோடி:
வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷமாச்சு, இன்னும் இதுவா? சேர், மேடம் என்று சொல்லி ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுங்கள் அண்ணை, அது போதும்.

பழைய இங்கிலிஷ் ரீச்சர்:
நேரில் பேச அது போதும்தான், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் பலகையில் எழுதுவது வேறு. கலியாணக் கார்ட்டில் பெரியப்பாவைச் சித்தப்பா என்று அடித்துவிட்டால் உங்கள் வீட்டில் சும்மா இருப்பார்களா?

கோட்டை வீதி:
இந்தக் கதைக்கு நம்மூர் திருகோணமலையிலேயே ஆள் இருக்கிறார். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மான்கள் நிற்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள், பின்னாளில் வெலிங்டன் டியூக் ஆன பிரிட்டிஷ் படை அதிகாரி வெல்லெஸ்லி தங்கியதாகச் சொல்லும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள் (அந்தக் கோட்டையின் பெயரே யோர்க் டியூக் பிரெட்ரிக்குடையது). ஆர்தர் வெல்லெஸ்லி 1800 கடைசியில் இங்கே வந்தபோது கேணல், ஏர்ள் ஒருவரின் இளைய மகன், ஆகவே எழுத்தில் ஒனரபிள், அவ்வளவுதான். 1804இல் சேர் ஆர்தர். சேருக்குப் பின்னால் சொந்தப் பெயர்தான் வரும், சேர் வெல்லெஸ்லி என்றால் பிழை. 1809இல் வெலிங்டன் என்ற பெயரில் வைகவுண்ட் ஆனார், 1812இல் ஏர்ள், அதே வருஷம் மார்க்குவெஸ். இந்த மூன்று படியிலும் கூப்பிடுவது ஒரே மாதிரி, லோர்ட் வெலிங்டன். படி ஏறியது அவருக்குத் தெரியும், கூப்பிடுகிறவனுக்கு ஒரு மாற்றமும் இல்லை. 1814இல் டியூக் ஆன பிறகுதான் லோர்ட் போய் "யுவர் கிரேஸ்" வந்தது. டியூக்கை மட்டும் லோர்ட் என்று கூப்பிடக் கூடாது. உங்கள் விருந்தாளிகள் அந்த வீட்டைக் கட்டாயம் கேட்பார்கள், ஓட்டோக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ்:
எல்லோருக்கும் நன்றி. பலகையில் இப்போது "லேடி மேரி, மிஸ்டர் கிரீன்". படத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன போடுவது என்று மருமகன் கேட்கிறான், அவன் கையில் இன்னும் சோக்கட்டி இருக்கிறது.

பழைய இங்கிலிஷ் ரீச்சர்:
ஒன்றும் இல்லை. அந்த லேடி பிள்ளைகளுக்கு இறங்காது. சோக்கட்டியை வாங்கி வையுங்கள்.