ஆட்டுக்கால் சூப் குடிக்காத அம்மாவுக்கு கிளைசின் எங்கிருந்து கிடைக்கும்?

திருச்சி மகள்:
அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடமாக முட்டி வலி. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறார். பக்கத்து வீட்டு அக்கா, "ஆட்டுக்கால் சூப்பில் கிளைசின் இருக்கு, ஜவ்வு வளரும்" என்கிறார். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அதனால் கிளைசின் உள்ள கொலாஜன் பவுடர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கிளைசின் குறைந்துதான் முட்டி தேய்கிறதா?

பழைய வாத்தியார்:
முப்பது வருடம் உயிர்வேதியியல் நடத்தியவன் நான். முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொலாஜன் செடியில் கிடையாது. மாட்டுத் தோல், மீன் தோல் போன்றவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாமல் பாலில் கலந்து கொடுத்துவிடாதீர்கள்.

தசைநார், குருத்தெலும்பு, தோல் எல்லாவற்றையும் தாங்குவது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி சேர்ந்து முறுக்கிய கயிறு அது. வகுப்பில் மூன்று நூலைத் திரித்துக் காட்டுவேன். ஒவ்வொரு புரியும் அமினோ அமிலங்கள் என்ற மணிகள் கோத்த சரம் மாதிரி. அதில் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வரும். புரிகள் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே இல்லை. அமினோ அமிலங்களிலேயே சிறியது கிளைசின். அதன் பக்கக்கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அதனால்தான் அங்கே அடங்குகிறது. இந்த மூன்று புரி அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, முட்டிக்கு வருவோம். கிளைசினை நம் உடம்பே செரின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்ளும். பருப்பு, வேர்க்கடலை, எள்ளிலும் இருக்கிறது. சூப்பில் உள்ள கொலாஜன் வயிற்றில் துண்டு துண்டாகிவிடும். நேரே முட்டிக்குப் போய் ஒட்டாது. இன்னொன்று, வைட்டமின் சி இல்லாவிட்டால் கயிறு உறுதியாக முறுக்கிக்கொள்ளாது. ஸ்கர்வி நோயில் ஈறு கசிவது அதனால்தான். தேய்மானத்துக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள், தொடைத் தசைக்கான பயிற்சி கேளுங்கள்.

ஒரு தாய்:
என் மகனுக்கு எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய். நான்கு வயதுக்குள் மூன்று முறை கட்டுப்போட்டாயிற்று. மரபணுப் பரிசோதனையில், கொலாஜனில் ஒரே ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் வேறு அமினோ அமிலம் என்றார்கள். கிளைசின் நிறையக் கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டேன். "கோலத்தில் புள்ளியே தப்பியிருக்கும்மா, மாவு கூட்டிப் பயனில்லை" என்றார் மருத்துவர். வாத்தியார் சொன்ன அந்த "இடமே இல்லை" இப்போதுதான் எனக்கு விளங்கியது. நன்றி சார்.

திருச்சி மகள்:
சார், பவுடர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மா நெல்லிக்காயை வேகவைத்துத்தான் சாப்பிடுவார், பரவாயில்லையா?

பழைய வாத்தியார்:
சூட்டில் வைட்டமின் சி கொஞ்சம் போய்விடும். பச்சையாகத் துருவி மோரில் போட்டுக் கொடுங்கள். புளிப்பு பிடிக்காவிட்டால் கொய்யா.