பிரிட்டன் தன் அரசியலமைப்பை ஒரே ஆவணமாகத் தொகுத்துக்கொள்ள வேண்டுமா?

கேள்வி:
அரசியல் அறிவியல் படிக்கும் மாணவன் நான். பிரிட்டனின் அரசியலமைப்பு 'எழுதப்படாதது' என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. 1689-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், 1911, 1949 ஆண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்கள், 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் ஆகிய யாவும் எழுதப்பட்டவைதாமே? 2019-இல் நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு முடக்கிவைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, அவர்கள் கையில் அரசியலமைப்பு நூல் எதுவும் இருக்கவில்லை. அப்படியிருக்க, அந்நாட்டுக்கு ஒரே ஆவணமாகத் தொகுத்த அரசியலமைப்பு தேவைதானா?

பதில் 1:
உங்கள் ஐயம் நியாயமானது. 'எழுதப்படாதது' என்பதைவிடத் 'தொகுக்கப்படாதது' என்பதே பொருத்தமான சொல். ஆனால் உண்மையான சிக்கல் தாள்கள் சிதறிக் கிடப்பதில் இல்லை. சாதாரணச் சட்டத்துக்கு மேலான சட்டம் என ஒன்று அங்கே இல்லை என்பதில்தான் இருக்கிறது. நாடாளுமன்றத்தின் பதவிக்காலத்தை ஐந்தாண்டுகளாக நிலைநிறுத்தி, முன்கூட்டியே தேர்தல் நடத்த மக்களவை உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்று 2011-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2019-இல் அந்த ஆதரவு கிடைக்காதபோது என்ன நடந்தது? அந்த ஒரு தேர்தலுக்காக மட்டும் தனிச் சட்டம் ஒன்றைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே நிறைவேற்றித் தேர்தலை நடத்திவிட்டார்கள். 2022-இல் மூலச் சட்டமே நீக்கப்பட்டது.

இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியரிடம் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக பர்மாவில் பிரிட்டிஷ் அரசே அழித்த எண்ணெய் நிலையங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக அப்போது விளங்கிய பிரபுக்கள் சபை முடிவு செய்தது. நாடாளுமன்றமோ 1965-இல் முன்தேதியிட்டுச் சட்டம் இயற்றி அந்த உரிமையையே இல்லாமல் ஆக்கியது. வழக்கில் வென்றவர் வென்ற பிறகு தோற்கும் நிலை இது. ஆகவே தொகுப்பு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. குறிப்பாக, ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொருள்களில் அதன் இசைவின்றி லண்டன் இயல்பாகச் சட்டம் இயற்றாது என்ற மரபை 2016-இல் சட்டத்திலேயே எழுதிவைத்த பின்பும், அது அரசியல் மரபே, நீதிமன்றம் நிறைவேற்றித் தரத்தக்கதன்று என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பதில் 2:
முந்தைய பதிலில் உள்ள தகவல்களை நான் மறுக்கவில்லை, முடிவில்தான் வேறுபடுகிறேன். சட்டத்துக்கு மேல் ஒரு சட்டத்தை வைத்தால், அதற்குப் பொருள் சொல்லும் நீதிபதிகளை நாடாளுமன்றத்துக்கு மேல் வைக்க நேரும். பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் வெளிநாட்டவரை விசாரணையின்றிக் காவலில் வைத்த 2001-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2004-இல் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு சட்டத்தை வீழ்த்தவில்லை. ஆனால் மறு ஆண்டே நாடாளுமன்றம் அதை மாற்றியமைத்தது. புதிய ஏற்பாடும் குறையற்றதல்ல. எனினும் அதற்குப் பொறுப்பேற்றவர்கள் வாக்காளரிடம் திரும்பச் செல்ல வேண்டியவர்கள்.

தொகுத்த ஆவணம் இருந்தாலே காப்பு கிடைத்துவிடும் என்பதும் சரியன்று. உலகின் மிக நீண்ட அரசியலமைப்புகளுள் ஒன்றைக் கொண்ட இந்தியாவில், நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று 1976-இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். நிலைமையை மாற்றியது 1977 தேர்தல். அதன் பிறகே 44-ஆவது திருத்தம் வந்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முழுத் தொகுப்பும் வேண்டாம், இன்றைய நிலையும் வேண்டாம் என்று இடைவழி ஏதும் உண்டா? சில முக்கியப் பிரிவுகளுக்கு மட்டும் பூட்டுப் போடுவதுபோல?

பதில் 3:
உண்டு. அதற்கு முன் ஒரு வரலாற்றுக் குறிப்பு: பிரிட்டனிடம் ஒரு காலத்தில் தொகுத்த அரசியலமைப்பு இருந்தது. முடியாட்சி நீக்கப்பட்டிருந்த காலத்தில், ஆலிவர் கிராம்வெல் ஆட்சியில் 1653-இல் வந்த அந்த ஆட்சி ஆவணம் 1657-இல் வேறொன்றுக்கு இடம்விட்டது. 1660-இல் முடியாட்சி திரும்பியபோது எல்லாம் போயிற்று. பெரும்பாலான நாடுகள் விடுதலை, புரட்சி, போரில் தோல்வி போன்ற முறிவுகளின்போதே புதிய ஆவணத்தை எழுதியுள்ளன. அமைதியான ஒரு நாளில் அமர்ந்து எழுத யாருக்கு அவசரம் வரும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் கேட்ட இடைவழிக்கு நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கும் தொகுத்த அரசியலமைப்பு கிடையாது; 1986-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம்கூடச் சாதாரணச் சட்டமே. ஆனால் நாடாளுமன்றத்தின் பதவிக்காலம், வாக்களிக்கும் வயது போன்ற சிலவற்றை மாற்ற 75 விழுக்காட்டு உறுப்பினர்களின் ஆதரவோ பொதுவாக்கெடுப்போ தேவை என்று தேர்தல் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

பதில் 1 எழுதியவர்:
நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 75 விழுக்காடு வேண்டும் என்று கூறும் அந்தப் பிரிவுக்கே 75 விழுக்காட்டுக் காப்பு இல்லை. கோட்பாட்டளவில், நியூசிலாந்து நாடாளுமன்றம் அதைச் சாதாரணப் பெரும்பான்மையால் காலையில் நீக்கிவிட்டு, மாலையில் தன் பதவிக்காலத்தை நீட்டிக்கொள்ளலாம். 1956 முதல் அந்த ஏற்பாட்டைக் கட்சிகள் மதித்து வருவதற்குக் காரணம் மரபுதான். மரபை நம்ப முடியாது என்பதற்காகத்தான் பூட்டைத் தேடினோம் என்பதால், என் முதல் பதிலை நானே மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.