உம்மாவோடு ஹூஸ்டன் போனோம்: 92 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்

கீழக்கரை

தங்கையின் பேறுகாலத்துக்காக உம்மாவைக் கூட்டிக்கொண்டு போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அமெரிக்கா போனேன். உம்மாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு, முட்டிவலியும் உண்டு. ஏற்கெனவே மக்காவுக்கு உம்ராப் புனிதப் பயணமாக ஜித்தா போய் வந்தவர்தானே, என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துவிட்டோம். அது ஆறு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். இது ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறி, மறுநாள் முழுக்கச் சென்னை மண்ணடியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து, விடியக்காலை சென்னையிலிருந்து துபாய், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, அதற்குப் பிறகுதான் 16 மணி நேரம் ஒரே மூச்சாக ஹூஸ்டனுக்கு.

ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, ஆக இரண்டு பேருக்கும் 92 கிலோ. அந்த 92 கிலோவுக்குப் பத்து நாள் செலவழித்தோம். அல்வா போன்ற தொதல், ஓட்டுமாவு, கட்டைபோல் காய்ந்த மாசி மீன், நெத்திலிக் கருவாடு, பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று வீடு முழுக்கப் பொட்டலம். எடை பார்க்கத் தெருமுனைக் கருவாட்டுக் கடையிலிருந்து கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தேன்.

அதில் பாதியை வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நெய்ச்சோற்றுக்கு வைத்திருந்த சீரகச் சம்பா போனது, ஏனென்றால் தானியத்தைத் தின்னும் ஒரு வண்டுக்குப் பயந்து நம் ஊர் அரிசியைப் பயணிகள் பையில் கொண்டுவர அமெரிக்காவில் தடை. கறிவேப்பிலையும் ஆகாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அந்த இலையில் தங்குமாம். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் விமானத்தில் விடமாட்டார்கள். பெரிய அதிர்ச்சி கறிமசாலாதான். துபாயில் வேலை பார்க்கும் மச்சான் போன் பண்ணி, "மசாலாவில் கசகசா போட்டு அரைச்சிருக்கா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டு மசாலாவில் எப்போதும் உண்டு. அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. "இந்த ஊரைத் தொட்டுப் போற பெட்டியில் அது இருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார். இரண்டு கிலோ மசாலாவை அப்படியே உறவுக்காரர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, கசகசா இல்லாமல் முந்திரி சேர்த்து மறுபடி அரைத்தோம். உம்மாவுக்கு அதில் கடைசி வரை மனசே இல்லை.

இவ்வளவும் பார்த்தவன் உம்மாவின் 7 கிலோ கைப்பையை ரயிலுக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரத்தில் அடுக்கினேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: பெட்டிகள் எல்லாம் தங்கைக்காக, உம்மாவின் அந்த 16 மணி நேரத்துக்கு என்று இருந்தது கைப்பை ஒன்றுதான்.

இன்சுலினைச் சரியாகக் கையிலேயே வைத்திருந்தேன். சரக்கு அறையின் குளிரில் அது உறைந்தால் வீணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் இன்சுலின் ஏற்றும் பேனாவில் மாட்டும் ஊசிமுனைகள் பெரிய பெட்டிக்குள் போய்விட்டன. துபாயில் இறங்கின பிறகுதான் எனக்குப் புரிந்தது. உம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மருந்துக் கடை தேடி ஓடினேன். கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். (சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே எழுதிவையுங்கள். அது இல்லாமல் அந்த விமான நிலையத்தின் தூரத்தை உம்மாவால் நடந்திருக்கவே முடியாது.)

அடுத்தது விமானத்துக்குள். சர்க்கரைக்காரர்களுக்கான சாப்பாடு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். மேற்கே போகப் போகப் பகல் நீண்டுகொண்டே போகும் என்பதால் டாக்டர் ஊசி நேரங்களை இந்திய நேரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார், கைக்கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம் என்றார். ஒன்பதாவது மணி நேரமோ என்னமோ, சாப்பாட்டு வண்டி முன்வரிசையில் வருவதைப் பார்த்து, நேரமும் ஆகிவிட்டதே என்று ஊசியைப் போட்டுவிட்டேன். விமானம் ஆடத் தொடங்கியது. வண்டியை உள்ளே தள்ளிவிட்டு எல்லாரையும் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் சாப்பாடு வரவில்லை. உம்மாவின் கை நடுங்குகிறது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, கூப்பிட்டால் பதில் குழறுகிறது. பையில் இனிப்பாக நான் எதுவுமே வைக்கவில்லை, சர்க்கரைக்காரருக்கு எதற்கு என்ற நினைப்பு. பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும்போது உம்மா தன் முந்தானை முடிச்சைக் காட்டினார். அதற்குள் தாளில் மடித்த ஒரு துண்டுத் தொதல். பேரப்பிள்ளைக்காரியாகப் போகிறவர் எனக்குத் தெரியாமல் எடுத்துவைத்திருக்கிறார். பிய்த்துப் பிய்த்து வாயில் ஊட்டினேன், அப்புறம் பணிப்பெண் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் தெளிந்து, "பயந்துட்டியா வாப்பா?" என்று என்னைக் கேட்டார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

ஆகவே தட்டு மடிமேல் வந்த பிறகுதான் ஊசி. பேரீச்சம்பழம், குளுக்கோஸ், பிஸ்கட் மூன்றும் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும், தலைக்கு மேல் இருக்கும் பெட்டியில் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்டக் கொடைக்கானல் உயரத்தில் இருப்பதுபோல்தான், ஈரப்பதமோ 20 சதவீதத்துக்கும் கீழே. உப்புக்காற்றிலும் வியர்வையிலும் வளர்ந்த நமக்கு உதடும் மூக்கும் வெடித்துவிடும், சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் உதவியது. கால் வீங்கும். ராமநாதபுரத்தில் வாங்கிய புதுச் செருப்பு உம்மாவுக்கு இறங்கும்போது ஏறவே இல்லை. இரத்தம் கட்டாமல் இருக்க இறுக்கமான காலுறை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், உட்கார்ந்தபடியே கணுக்காலை ஆட்டிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கழிவறையில் கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு மடக்குக் குவளை இருந்தால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவுக்கும் ஆகும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பதில்

அண்ணே, அம்மா நல்லபடியா போய்ச் சேர்ந்தது சந்தோஷம். நான் கப்பல் வேலைக்கு தோஹா வழியாக மயாமி போகிறவன். கருவாடு பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். சொந்தச் சாப்பாட்டுக்கான மீனும் கருவாடும் அமெரிக்காவில் தடையில்லை, ஆனால் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன், பிரித்துப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், விட்டுவிட்டார்கள். கூட வந்த பையன் வீட்டில் ஆசையாகக் கொடுத்த ஆட்டுக்கறி உப்புக்கண்டத்தை எடுத்துக்கொண்டார்கள். இறைச்சி விடமாட்டார்கள். பாவம், அவன் அம்மா ஒரு வாரம் மொட்டைமாடியில் காக்கா விரட்டிக் காயவைத்தது.

கீழக்கரை

தம்பி சொன்னது சரி. ஹூஸ்டனிலும் மாசியைப் பார்த்து இது மரக்கட்டையா என்று கேட்டார்கள், மீன் என்றதும் அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து உம்மாவைத் திரும்பக் கூட்டிவரப் போனபோது கைப்பையை என்னைத் தொடவிடவில்லை. ஊசிமுனை, மாத்திரை, பேரீச்சை எல்லாம் தனித்தனிப் பையில் போட்டு, தங்கையைவிட்டு ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் எழுதவைத்திருந்தார். முந்தானையில் ஒரு முடிச்சும் இருந்தது.