அவசரம்: மாமா அத்தையோட நாளைக்கு ஸ்டேட் பார்க், லேசான டிரெயில் சொல்லுங்க

தென்காசி மருமகள் (வெள்ளி இரவு 8:40)
ஊர்ல இருந்து வந்த மாமாவும் அத்தையும் மூணு வாரமா வீட்டுக்குள்ளயே இருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம் அத்தை, "ஜெயில்ல கூட கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்களாமே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அந்தச் சிரிப்புதான் தாங்கல. வேகத்துல "நாளைக்கு அருவி பார்க்கப் போறோம்"னு சொல்லிட்டேன். இவர் டல்லாஸ்ல, திங்கக்கிழமைதான் வருவார். ஸ்டேட் பார்க்ல ஈஸியான டிரெயில் எது? சீக்கிரம் சொல்லுங்க. மாமா இப்பவே துண்டும் எண்ணெயும் கேக்கறாங்க.

எடிசன்காரன்
யோசிக்கவே வேணாம் சிஸ்டர், ஹை பாயின்ட் போங்க. நியூஜெர்சியிலயே உசரமான இடம், 1,803 அடி. உச்சி வரைக்கும் கார் போகும், பெரியவங்க நடக்கவே வேண்டாம்.

பழைய பனி
டிரெயில் எல்லாம் இருக்கட்டும். பெரியவங்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாச்சா? நாங்க 2008-ல வந்தப்போ கார் கிடையாது, ஜனவரியில பால் வாங்க 3 கிலோமீட்டர் நடப்போம். திரும்பி வர்றதுக்குள்ள பாலே கட்டியாயிடும். அம்மா வந்த முதல் வாரம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு, அந்த பில்லைக் கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப வர்றவங்களுக்கு அருவி கேக்குது.

லிமாண்ட் அண்ணாச்சி
எந்த ஊரு, எந்த பார்க்குன்னே இன்னும் சொல்லலியேம்மா. அதுக்குள்ள நியூஜெர்சிக்கு அனுப்பியாச்சு.

தென்காசி மருமகள்
சாரி, பதற்றத்துல விட்டுட்டேன். இல்லினாய், அரோரா, பாலாஜி கோயில் பக்கம். ஸ்டார்வ்டு ராக்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

நடைராஜா
அருமையான இடம். 18 கேன்யன் (பாறைப் பள்ளத்தாக்கு), 13 மைல் டிரெயில். லாசால் கேன்யன் போகலைன்னா போனதே வேஸ்ட், அருவிக்குப் பின்னாடி புகுந்து நடக்கலாம். விசிட்டர் சென்டர்ல இருந்து ஒரு பக்கம் 2 மைல்தான். ஏப்ரல்தான் சரியான நேரம், பனி உருகி மழையும் பெஞ்சு தண்ணி நல்லா விழும். அக்டோபர்ல இலை கலரைப் பார்க்க ஊரே திரளும், பாதி அருவி காஞ்சு கிடக்கும்.

தென்காசி மருமகள்
2 மைலா? அத்தைக்கு முட்டு வலி இருக்கு. பாப்பாவுக்கு 14 மாசம், ஸ்ட்ரோலர் கொண்டு வருவேன். அப்புறம்… எனக்கு லைசன்ஸ் கிடைச்சு ரெண்டு வாரம்தான் ஆச்சு. ஹைவே ஓட்டினதில்ல.

பழைய பனி
இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா!

எடிசன்காரன்
ஹைவேக்கு என்ன பயம்? வலது ஓரமா 55-ல போய்க்கிட்டே இருங்க.

ஷாம்பர்க் சுதா
இங்க ஐ-80 ஹைவே லாரியை நீங்க பார்த்ததில்லன்னு தெரியுது. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, நடுவுல நம்ம கொரோலா. முதல் வருஷம் முழுக்க ஹைவே வேணாம்னு சுத்திச் சுத்தியே போனேன். வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். அவருக்கு ரெண்டு தடவை ஸ்பீடிங் டிக்கெட் வந்தது, எனக்கு ஒண்ணு கூட இல்ல.

நடைராஜா
பேரு மட்டும்தான் ஒரு மாதிரி, பட்டினிப் பாறை. எதிரிங்க சுத்தி வளைச்சதுல அந்தப் பாறை மேலயே இல்லினாய் பழங்குடிங்க பட்டினியா செத்தாங்கன்னு ஒரு கதை, 1769 வாக்குல நடந்ததாம்.

ஷாம்பர்க் சுதா
இப்ப பட்டினி கிடக்கறது பார்க்கிங்குக்குத்தான். போன மே மாசம் பதினொன்றரைக்குப் போனோம். இடம் நிரம்பிடுச்சுன்னு வாசல்லயே திருப்பி விட்டுட்டாங்க. புளியோதரையை கேஸ் ஸ்டேஷன்ல நின்னு சாப்பிட்டோம். நம்ம ஜனம் ஒரு இடம் நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டா அவ்வளவுதான்.

எடிசன்காரன்
இங்கயும் அதே கதைதான். நாலு பேர் இடத்துல பதினாறு பேர், கூட ஒரு ஸ்பீக்கர்.

லிமாண்ட் அண்ணாச்சி
புலம்பலை நாளைக்கு வச்சுக்கலாம், அந்தப் பொண்ணு காலையில கிளம்பணும்.

அம்மா, ஐ-80 வேண்டாம். ஆஸ்விகோவுல 71-ம் நம்பர் ரோட்டைப் பிடிங்க. யார்க்வில், நியூவார்க், ஒட்டாவா தாண்டி அதே ரோடு பார்க்குக்கே கொண்டுவிடும். ரெண்டு பக்கமும் வயல்தான், லாரி கம்மி. கொஞ்சம் நேரம் கூட ஆகும், ஆகட்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏழு மணிக்குக் கிளம்பிடுங்க, ஒன்பதுக்குள்ள போய்ச் சேர்ந்தா இடம் கிடைக்கும்.

லாசாலை மறந்துடுங்க. ஸ்ட்ரோலரை கார்லயே விடுங்க. எங்க திரும்பினாலும் மரப்படி, பிள்ளையை உடம்போட கட்டிக்கிற கேரியர்தான் சரி. பாறை உச்சி கிட்டத்துலதான், ஆனா படி ஜாஸ்தி, அத்தை ஏற வேண்டாம். அத்தையை விசிட்டர் சென்டர் பக்கம் ஆத்தோரமா நடக்க விடுங்க, அங்க சமதரை. ஆத்துக்குக் குறுக்க அணை தெரியும். ஏப்ரல்ல வெள்ளைக் கூழைக்கடா கூட்டமா இறங்கும். பறவைங்க வந்து தங்குற நம்ம கூந்தன்குளத்துக்காரங்க மாதிரி மாமா அங்கயே உக்காந்துடுவாரு.

அருவிக்கு ஃபிரெஞ்ச் கேன்யன் போதும், அரை மைலுக்கும் கம்மி. ஆனா குளிக்க விட மாட்டாங்க, மாமாவோட துண்டும் எண்ணெயும் வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனம். உள்ள நுழையற இடத்துல பாறை சரிவா இருக்கும், மேல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். கால் வைக்க சின்னச் சின்னக் குழி தேய்ஞ்சு கிடக்கும், பாசி வேற. மாமா செருப்போட வந்தா அங்க ஏத்தாதீங்க, நல்ல ஷூ இருந்தா மட்டும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நீங்களும் ஏற வேண்டாம், வெளியில இருந்தே பார்க்கலாம். ஓரத்துல வேலி இல்லாத இடம் உண்டு, பாதையை விட்டு விலகக் கூடாது, வருஷா வருஷம் யாராவது விழுறாங்க.

அத்தைக்கு நடை போதலன்னா பக்கத்துல யூட்டிகாவுல பழைய கால்வாய்க் கரைப் பாதை இருக்கு. 1848-ல திறந்த கால்வாய், கோவேறு கழுதை கரையில நடந்து படகை இழுத்த தடம். ஏத்தமும் இல்ல, படியும் இல்ல. ஸ்ட்ரோலர் அங்க ஓடும்.

நடைராஜா
சரி, நான் வாபஸ். ஒண்ணு சேர்த்துக்கங்க: மூணு மூணு இலையா இருக்கற செடியைத் தொடாதீங்க, அரிச்சுத் தள்ளும். வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கான்னு எல்லாரும் முழங்கால் பின்பக்கம், காது மடல், பாப்பாவோட கழுத்து பார்த்துடுங்க. பள்ளத்துக்குள்ள சிக்னலை நம்பாம மேப்பை முன்னாலயே இறக்கிக்கங்க.

பழைய பனி
இன்சூரன்ஸ் கார்டு கைப்பையில இருக்கட்டும். அதுக்குத்தான் கேட்டேன்.

தென்காசி மருமகள் (இரவு 10:15)
மேப் இறக்கியாச்சு. தயிர் சாதம், மோர் மிளகாய் எடுத்து வச்சாச்சு. அத்தை தன் ஷூவை வாசல்ல கொண்டுபோய் வச்சிருக்காங்க. துண்டும் எண்ணெயும் மட்டும் இன்னும் பைக்குள்ளதான் இருக்கு. குளிக்கவே கூடாதா அண்ணாச்சி, கால் நனைக்கக் கூட?

லிமாண்ட் அண்ணாச்சி
கால் நனைக்கவும் தடைதான்மா, போர்டே போட்டிருக்கான்.

தென்காசி மருமகள்
நான் சொன்னா மாமா "பயந்தாங்கொள்ளி"ம்பாங்க. நீங்க ஒரு வார்த்தை பேச முடியுமா?

லிமாண்ட் அண்ணாச்சி
நம்பரை இங்க போடாதீங்க, தனியா அனுப்புங்க. குற்றாலம் மெயின் அருவியில தண்ணி ஏறினா போலீஸ் விசிலடிச்சு வெளிய அனுப்புவான்லா, இங்க வருஷம் முழுக்க விசில்தான்னு சொல்லுதேன். தென்காசிக்காரருக்கு அது போதும்.