சிஸ்டம்டாப் மொடியூலைச் சேமித்து வைத்துப் பாவிக்கிறவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் லினக்ஸ் சேர்வர் பார்க்கிற ஆட்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறோம். அதில் சிஸ்டம்டாப், அதாவது லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் நடப்பதை ஓடும்போதே காட்டும் கருவியைப் பாவிக்கிறவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "கேர்னல் டிபக் இன்ஃபோவை இறக்கவே டேட்டா முடிந்துவிடும்." டிபக் இன்ஃபோ என்பது கேர்னலில் எந்த நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பெரிய கோப்பு. வாடிக்கையாளரின் மெஷினில் அதை இறக்கவே தேவையில்லை. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

பெரும்போக அறுவடை நேரம், சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. நெல் லொறி தராசில் ஏறினால் நிறை திரையில் உடனே வரும். பில்லைச் சேமிக்கப் போனால் சில வேளைகளில் திரை அப்படியே உறைந்து நிற்கும். வெளியே வீதி வரைக்கும் லொறி வரிசை. சேர்வர் என்பது ஒரு பழைய டெஸ்க்டொப், சின்ன எஸ்எஸ்டி, இன்டர்நெட்டுக்கு ஒரு டொங்கிள். கம்பைல் பண்ண ஜீசிசி இல்லை, அதற்கு வேண்டிய கேர்னல் ஹெடரும் இல்லை. அறுவடை நடக்கும்போது அந்த மெஷினில் ஜிபிக் கணக்கில் எதையும் ஏற்றி விளையாட முடியாது.

சிஸ்டம்டாப் ஐந்து கட்டமாக வேலை செய்யும். ஸ்கிரிப்டை வாசிக்கும், டிபக் இன்ஃபோவைப் பார்த்து எந்த இடத்தில் கண்காணிப்பது என்று தீர்மானிக்கும், அதை சி நிரலாக மாற்றும், கேர்னல் மொடியூலாக (கேர்னலோடு சேர்த்து ஏற்றும் துண்டாக) கம்பைல் பண்ணும், கடைசியில் ஏற்றி ஓட்டும். பாரமெல்லாம் முதல் நான்கில்தான். சிஸ்டம்டாப்பின் 'ஸ்டாப்' (stap) கட்டளைக்கு '-பி4' கொடுத்தால் நான்காம் கட்டத்தோடு நின்றுவிடும். '-எம்' கொடுத்துப் பெயர் வைத்தால் அந்தப் பெயரிலேயே மொடியூல் ஒரு .கேஓ கோப்பாகக் கையில் கிடைக்கும். '-ஆர்' கொடுத்தால் வேறொரு கேர்னல் பதிப்புக்கும் கம்பைல் பண்ணலாம். அந்தப் பதிப்பின் ஹெடரும் டிபக் இன்ஃபோவும் நம் மெஷினில் இருந்தால் போதும், அந்தக் கேர்னல் ஓடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆலைக்குப் போகுமுன், கேர்னல் பதிப்பைச் சொல்லும் 'யூநேம் -ஆர்' என்ன காட்டுகிறது என்று அங்குள்ள பிள்ளையிடம் போனில் கேட்டேன்: 5.15.0-91-ஜெனெரிக். கல்லடியில் வீட்டிலேயே அந்தப் பதிப்புக்குக் கம்பைல் பண்ணிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே ஏற்றியது சிஸ்டம்டாப் ரன்டைம் பொதி மட்டும்தான். அது மிகச் சின்னது. மறுகா மொடியூலை ஏற்றி ஓட்டும் ஸ்டாப்ரன் கட்டளைக்கு அந்த .கேஓவைக் கொடுத்தேன், ஓடத் தொடங்கியது.

ஸ்கிரிப்ட் மிக எளிமையானது. டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் எஃப்சிங்க், எஃப்டேட்டாசிங்க் அழைப்புகளில் 200 மில்லிசெக்கனுக்கு மேல் எடுப்பவற்றை மட்டும் காட்டும். பில் தரவைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் லினக்ஸில் வழமையாக இரண்டாவதைத்தான் கூப்பிடும், அதனால் இரண்டையும் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரை உறைந்த அந்த நொடியில் இரண்டு வரி ஒன்றாக விழுந்தது: போஸ்ட்கிரெஸ் 1790 மில்லிசெக்கன், அதன் கீழே டிடி (தரவை நகலெடுக்கும் கட்டளை) 1873 மில்லிசெக்கன். யாரோ எப்போதோ எழுதி வைத்த பேக்கப், பகல் முழுக்க மணிக்கொரு தடவை முழுத் தரவையும் டிடியால் எழுதி, முடிவில் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதை இரவுக்கு மாற்றினோம். வரிசை நகரத் தொடங்கியது.

அந்த .கேஓ இன்னும் என்னிடம் இருக்கிறது. இதே பதிப்பு ஓடும் மற்ற இடங்களிலும் அதுவே வேலை செய்கிறது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கல்முனைக்கரை எழுதியது:

நல்ல பதிவு அண்ணன். அந்த 200ஐ எப்படி வைத்தீர்கள் என்பதில்தான் ஒரே கோப்பை எல்லா இடத்திலும் பாவிக்கலாமா என்பது தங்கியிருக்கிறது. ஸ்கிரிப்டில் 'டொலர் 1' என்று எழுதிக் கட்டளை வரியில் பெறுமதி கொடுத்தால், அந்தப் பெறுமதி முதலாம் கட்டத்திலேயே நிரலோடு ஒட்டிவிடும். 50 வேண்டுமென்றால் திரும்பக் கம்பைல் பண்ணத்தான் வேண்டும். அதையே 'எம்எஸ்' என்ற 'குளோபல்' மாறியாக அறிவித்தால் மொடியூலை ஏற்றும்போது மாற்றலாம். ஸ்டாப்ரன் கட்டளையில் மொடியூல் பெயருக்குப் பின்னால் 'எம்எஸ்=50' என்று எழுதினால் போதும். எண்ணோ சொல்லோ ஒற்றைப் பெறுமதி என்றால் சரி, அறே (பல பெறுமதிகளின் தொகுப்பு) என்றால் முடியாது. குறிப்பிட்ட ஒரு புரொசஸை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கிரிப்டில் 'டார்கெட்' ஃபங்ஷனை எழுதிவிட்டு, ஓட்டும்போது '-எக்ஸ்' என்று அதன் எண்ணைக் கொடுக்கலாம். எங்கள் பக்கம் மருந்துக்கடை பில்லிங் மெஷின்களை இப்படித்தான் பார்க்கிறேன். கடைக்குக் கடை எல்லை வேறு, மொடியூல் ஒன்றுதான்.

ஏறாவூர் நெட் எழுதியது:

கல்முனைக்கரை நானா சொன்னது சரி. நான் கேஷ் பற்றிச் சொல்கிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. பெயர் வைத்துச் சேமிக்காவிட்டாலும், ஸ்டாப் தான் கம்பைல் பண்ணியதை வீட்டு டைரக்டரிக்குள் .சிஸ்டம்டாப்/கேஷ் என்ற இடத்தில் வைத்துக்கொள்ளும். அதே ஸ்கிரிப்ட், அதே கேர்னல், அதே சிஸ்டம்டாப் பதிப்பு என்றால் அடுத்த முறை அதையே எடுக்கும். '-வி' போட்டால் மூன்றாம், நான்காம் கட்ட வரிகளில் கேஷில் இருந்து எடுத்ததாகவே எழுதிக் காட்டும். சூடோவோடு ஓட்டியது றூட்டின் (முழு அதிகாரமுள்ள கணக்கின்) வீட்டுக்குள் போய்விடும், சாதாரண கணக்கில் ஓட்டும்போது அது அகப்படாது. கேஷுக்கு வழமையான எல்லை 256 எம்பி, நிறைந்தால் பழையதை அழிக்கும். ஆகவே வெளியே கொண்டுபோக வேண்டியதை '-எம்' போட்டுத் தனியாக எடுத்து வைப்பதுதான் நம்பிக்கை.

அக்கரைப்பற்று ஆய்வகம் எழுதியது:

நான் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கேர்னல் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட ஆசை, றூட் கொடுக்கவும் முடியாது. சேமித்த மொடியூல் இங்கே அழகாகக் கைகொடுத்தது. /லிப்/மொடியூல்ஸ் கீழே அந்தக் கேர்னல் பதிப்பின் டைரக்டரிக்குள் 'சிஸ்டம்டாப்' என்று ஒரு டைரக்டரி உருவாக்கி, றூட் மட்டும் எழுதக்கூடியதாக வைத்து, நானே வாசித்துப் பார்த்த மொடியூல்களை அதற்குள் போட்டேன். பிள்ளைகளை ஸ்டாப்யூஎஸ்ஆர் குழுவில் சேர்த்தேன். அவர்களால் அந்த டைரக்டரியில் உள்ளவற்றை மட்டும் ஓட்ட முடியும், வேறெதையும் ஏற்ற முடியாது. தாங்கள் திறந்த கோப்பு, தாங்கள் ஓட்டிய நிரல் எப்படிக் கேர்னலுக்குள் போகிறது என்று கண்ணால் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் பாடப் புத்தகத்தில் இல்லாதவை. ஸ்கிரிப்டை மாற்றித் தரச் சொல்லி இப்போது தாங்களே வருகிறார்கள்.

வாவிக்கரை எழுதியது:

இதை வாசிக்கவே சந்தோசமாக இருக்கிறது தம்பி.

வாழைச்சேனை லினக்ஸ் எழுதியது:

இரண்டு விஷயம். கேர்னல் தானாக அப்டேட் ஆகிற மெஷினில் நேற்று ஓடிய மொடியூல் இன்று ஓடாது. பதிப்புச் சரங்கள் பொருந்தாவிட்டால் கேர்னல் ஏற்க மறுத்துவிடும். பயணம் வைக்க முதல் 'மொட்இன்ஃபோ' போட்டு, மொடியூல் எந்தக் கேர்னலுக்கு என்று காட்டும் வெர்மேஜிக் வரி அங்கே ஓடும் பதிப்போடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். மொடியூல் பெயரில் புள்ளியோ கோடோ போடாமல், பதிப்புக்கு ஒரு ஃபோல்டராக வைத்தால் குழப்பம் வராது. இரண்டு பக்கமும் ஒரே சிஸ்டம்டாப் பதிப்பாக இருப்பதும் நல்லது.

மற்றது செக்கியூர் பூட், அதாவது ஒப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்க விடும் பாதுகாப்பு. அது இயங்கும் மெஷினில் ஒப்பமிடாத மொடியூல் ஏறாது. 'மோக்யூட்டில்' கட்டளையால் நிலையைப் பாருங்கள். மொடியூலுக்கு ஒப்பமிடும் சாவியைப் பதியப் போனால் றீஸ்டார்ட் பண்ணும்போது நீலத் திரையில் யாராவது நேரில் கீபோர்டில் அமர்ந்து உறுதிப்படுத்த வேண்டும், தூர இருந்து செய்ய முடியாது. பொத்துவில் மாதிரித் தூர இடம் என்றால் புறப்படுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாவிக்கரை அண்ணன், அந்த எஃப்சிங்க் ஸ்கிரிப்டை இங்கே போட முடியுமா? 6.8 கேர்னலுக்கு நான் கம்பைல் பண்ணித் தருகிறேன், இங்கே இருக்கிற எல்லாருக்கும் உதவும்.