அவசரம்: சென்ட்ரல் போகிற மெட்ரோவில்தான் ஏறினேன், வடபழனி வருகிறது!

புதுப்பயணி: சென்ட்ரல் என்று போட்டிருந்த ரயில்தான். கிண்டி வரவே இல்லை, இப்போது வடபழனி என்கிறார்கள். இறங்கணுமா, உட்கார்ந்திருக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

கிண்டிவாசி: எங்கே ஏறினீங்க? எங்கே போகணும்?

தூங்குமூஞ்சி: ஆலந்தூரில் மாறும்போது தவறிப் போயிருப்பீங்க. அங்கே நீலப் பாதைக்கு ஒரு தளம், பச்சைப் பாதைக்கு வேறு தளம். வழக்கமா நடக்கிறதுதான்.

புதுப்பயணி: எங்கேயும் மாறவில்லை. ஏர்போர்ட்டில் ஏறியதோடு சரி.

தடமறிந்தவர்: வரைபடம் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது. நீலமும் பச்சையும் ஆலந்தூரில் பிரிந்து சென்ட்ரலில் மறுபடி சேரும். நீலம் அண்ணா சாலை வழி. பச்சை கோயம்பேடு, எழும்பூர் வழி. ஏர்போர்ட்டிலிருந்து பச்சைப் பாதையில் சென்ட்ரலுக்கு நேரடி ரயிலும் உண்டு. நீங்கள் இருப்பது அதில். இதை எத்தனை இழையில்தான் எழுதுவது?

மாம்பலத்தான்: அப்போ கவலையே வேண்டாம், உட்கார்ந்தே போங்க. சென்ட்ரல் வந்துவிடும்.

கிண்டிவாசி: அவர் சென்ட்ரல் போகிறார் என்று யார் சொன்னது?

தடமறிந்தவர்: சென்ட்ரலே என்றாலும் நீலம்தான் சரி. ஆலந்தூரிலிருந்து எண்ணினால் நீலத்தில் 10ஆவது நிறுத்தம், பச்சையில் 15ஆவது.

பெட்டிக்காரன்: எழும்பூரில் ரயில் பிடிக்கிறவனுக்கு அந்த நேரடி ரயில்தான் வரம்.

தடமறிந்தவர்: நீலத்தில் போய் சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் 11ஆவது நிறுத்தம். பச்சையிலேயே போனால் 14ஆவது.

பெட்டிக்காரன்: இரண்டு பெட்டியும் மாமியாரும் கூட வரும்போது மாறிப் பாருங்க, அப்புறம் கணக்கு சொல்லுங்க.

தடமறிந்தவர்: மாமியார் வரைபடத்தில் இல்லை.

புதுப்பயணி: தேனாம்பேட்டை போகணும். கோயம்பேடு வந்துவிட்டது!!

கிண்டிவாசி: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? உடனே இறங்குங்க. பரங்கிமலை போகிற ரயிலைப் பிடித்து ஆலந்தூரில் இறங்கணும். கேட்டுக்கு வெளியே போகாதீங்க, உள்ளேயே நீலத் தளத்துக்குப் போய் விம்கோ நகர் பக்கம் போகிற ரயிலில் ஏறுங்க. கிண்டி, சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், அடுத்தது தேனாம்பேட்டை.

மாம்பலத்தான்: உட்கார இடம் கிடைத்திருந்தால் சென்ட்ரல் வரை போய் நீலத்தில் திரும்பலாமே.

கிண்டிவாசி: அது 14 நிறுத்தம், இது 11. வேண்டாத வேலை.

பெட்டிக்காரன்: பார்த்தீங்களா, இங்கேயும் இடம் கிடைப்பதுதான் முக்கியம்.

தடமறிந்தவர்: எழும்பூருக்குத் தனி இழை திறங்க.

புதுப்பயணி: நந்தனம் தாண்டியாச்சு. நன்றி.

தூங்குமூஞ்சி: ஆமாம், ஆலந்தூரில் லிஃப்ட் இருக்கிறதா? மாமியாருக்காகக் கேட்கிறேன்.